காது அறாத துணிப்பை: பழைய உடுப்பிலிருந்து நீங்களே தைப்பது எப்படி?

துணிப்பை தைக்கச் சொல்லித்தரும் குறிப்புகளில் பெரும்பாலானவை "ஒரே அளவில் இரண்டு சதுரத் துணி எடுத்துக்கொள்ளுங்கள்" என்றுதான் தொடங்கும். பழைய சட்டையைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த இரண்டு சதுரங்களை எடுப்பதே பாதி வேலை. சட்டையின் நடுவே பொத்தான் பட்டி நிற்கும், கீழ் ஓரம் வளைந்திருக்கும், அக்குள் பக்கம் இற்றுப்போயிருக்கும். பேன்ட் என்றால் முழங்கால் நைந்திருக்கும். இவற்றோடு மல்லுக்கட்டித் தேறிய பிறகு, அடுத்தவருக்கு அந்தப் பாடு வேண்டாமே என்று எழுதுகிறேன். தையல் மெஷினில் நேர்க்கோடு ஒன்று ஓட்டத் தெரிந்தால் போதும். மெஷின் இல்லையென்றால் கையாலும் தைக்கலாம், நேரம்தான் கூடும்.

வேலையில் இறங்கும் முன் ஒன்று. கடைக்குக் கொண்டுபோகும் பை அடியில் கிழிவது அரிது. காது துணியோடு சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் போகும். காது முழுசாக இருக்கும், அதைத் தாங்கிய துணி பிய்ந்திருக்கும். பழைய துணியில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஆகவே நேரம் குறைவு என்றால் வேறு எந்தப் படியை வேண்டுமானாலும் சுருக்குங்கள். 1-ஐயும் 8-ஐயும் சுருக்காதீர்கள்.

1. துணியைச் சோதியுங்கள்

நெய்த துணியாக இருக்க வேண்டும். சட்டை, பேன்ட், ஜீன்ஸ், படுக்கை விரிப்பு, திரைச்சீலை எல்லாம் பொதுவாக நெய்தவை. டி-சர்ட், லெகிங்ஸ், ட்ராக் பேன்ட் போன்றவை பின்னியவை, அதாவது பனியன் துணி. அதில் தைத்த பை கனம் ஏற ஏற நீண்டுகொண்டே போகும். டி-சர்ட்டின் கையையும் கழுத்தையும் வெட்டி, அடியை முடிச்சுப் போட்டால் பை தயார் என்று காட்டும் வீடியோக்கள் ஏராளம். இலேசான சாமான்களுக்கு அது போதும். ஐந்து கிலோ தூக்குவதற்கு ஆகாது.

நெய்த துணி எல்லாமும் தேறிவிடாது. முதலில் துணியை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சில இடங்களில் மட்டும் வெளிச்சம் அதிகமாகத் தெரிந்தால் அங்கே இழை தேய்ந்துவிட்டது. அந்த இடங்களைச் சாக்கால் வட்டமிட்டு விலக்குங்கள். அடுத்து, இரண்டு கட்டைவிரல்களையும் அருகருகே வைத்துத் துணியை இறுகப் பிடித்து, எதிரெதிர்ப் பக்கம் வெடுக்கென்று இழுங்கள். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் செய்யுங்கள். 'டர்' என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டாலும் அந்தத் துணியைத் துடைக்கும் துணியாக வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்குப் புதிதுபோல் இருந்தாலும் பல வருஷம் வெயிலில் தொங்கிய திரைச்சீலைகள் இந்தச் சோதனையில்தான் மாட்டும்.

சட்டையில் கழுத்து, மணிக்கட்டுப் பட்டி, முழங்கை, அக்குள் ஆகியவை முதலில் தேயும். முதுகின் கீழ்ப்பாதி நன்றாக இருக்கும். பேன்ட்டில் முழங்கால், உட்காரும் இடம், தொடையின் உட்பக்கம் மூன்றும் தேயும். முன்தொடையும் முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியும் கெட்டியாக இருக்கும்.

முதல் பைக்கு எது நல்லது என்று கேட்டால், பெரிய அளவுப் பருத்திச் சட்டை அல்லது பாலியஸ்டர் கலந்த பருத்திச் சட்டை என்பேன். ஜீன்ஸ் உறுதியானதுதான், ஆனால் மடிப்பு மேல் மடிப்பு விழும் இடங்களில் சாதாரண வீட்டு மெஷின் திணறும். வழுக்கும் துணி, ஜரிகை போட்ட துணி இரண்டும் இரண்டாவது மூன்றாவது பைக்கு இருக்கட்டும். மெல்லிய சேலைத் துணிதான் இருக்கிறது என்றால் இரண்டு மடிப்பாக வைத்து, ஓரத்தைச் சுற்றி ஒரு தையல் ஓட்டி, அதை ஒற்றைத் துணியாகவே பாவியுங்கள்.

2. துவைத்து, பிரித்து, இஸ்திரி போடுங்கள்

சந்தேகமில்லாமல் சுத்தமாக இருந்தாலும் ஒருமுறை துவையுங்கள். வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ள துணியில் இஸ்திரி போட்டால் கறை நிரந்தரமாகப் பதிந்துவிடும். பழைய உடுப்பில் ஒரு சௌகரியம், அது சுருங்கவேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கி முடிந்திருக்கும். புதிதாக ஏதாவது துணியோ நாடாவோ சேர்க்கப்போகிறீர்கள் என்றால் அதையும் வெந்நீரில் நனைத்துக் காயவைத்த பிறகு சேருங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் புதியது சுருங்கும், பழையது நிற்கும், பை கோணிக்கொள்ளும்.

எல்லாத் தையலையும் உட்கார்ந்து பிரிக்க வேண்டியதில்லை. சட்டையில் பக்கத் தையல், கைத் தையல் இவற்றை ஒட்டிக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிரிப்பதில் போகும் நேரத்துக்குக் கிடைக்கும் அரை இஞ்ச் துணி ஈடாகாது. ஜீன்ஸில் ஒவ்வொரு காலிலும் ஒரு பக்கத் தையல் மேலே இரட்டை வரியாகத் தெரியும், மறுபக்கம் அப்படித் தெரியாது. இரட்டை வரி உள்ளதை அப்படியே விடுங்கள், அது பைக்கு முதுகெலும்பு. மறுபக்கத்தை வெட்டினால் கால் ஒரே அகலத் துணியாக விரியும். ஒரு காலுக்கு ஒரு துண்டு. கால் மிகவும் ஒடுங்கிய ஜீன்ஸ் என்றால் கீழே சொல்லும் அளவு கிடைக்காது, பையைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள்.

பொத்தான்கள், ஜிப், உலோகக் குமிழ்கள் எல்லாவற்றையும் இப்போதே கழற்றுங்கள். ஓடும் ஊசி உலோகக் குமிழில் பட்டால் முனை ஒடிந்து தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. பொத்தான்களை எடுத்துவையுங்கள், கடைசியில் ஒன்று தேவைப்படும்.

3. வாங்க வேண்டியதும் ஆகும் நேரமும்

செலவு என்று உண்மையில் இரண்டுதான்: புது ஊசி, நல்ல நூல். பருத்திச் சட்டைக்கு 14-ஆம் நம்பர் ஊசி, ஜீன்ஸுக்கு 16. மெஷினில் ஏற்கெனவே இருக்கும் ஊசியால் தொடங்காதீர்கள். மழுங்கிய ஊசி தையலைத் தாவித் தாவிப் போகும், நீங்கள் டென்ஷனை (நூலின் இறுக்கத்தை மாற்றும் திருகு) திருகிக்கொண்டிருப்பீர்கள். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். அலமாரியில் வருஷக்கணக்காகக் கிடந்த கண்டு என்றால் ஒரு முழம் எடுத்து இழுத்துப் பாருங்கள், பட்டென்று அறுந்தால் தூக்கிப் போடுங்கள்.

மற்றபடி கத்தரிக்கோல், டேப், சாக், குண்டூசி, இஸ்திரிப்பெட்டி. வேறு ஒன்றும் வேண்டாம். உள்ளே வைக்கப் புதுக் கேன்வாஸ், அலங்கார நாடா என்று கூடையை நிரப்பிக்கொண்டு வராதீர்கள். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புதிய பருத்திப் பை ஒன்றைக் குறைந்தது 131 தடவை பயன்படுத்தினால்தான், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாவதில் அதன் பங்கு குறையும். பருத்தி விளைவிப்பதிலிருந்து துணி நெய்வது வரைதான் அதில் பெரும்பகுதி போகிறது. பழைய உடுப்பில் தைப்பதன் லாபமே அந்தக் கணக்கைத் தொடங்காமல் இருப்பதுதான்.

நேரம்: முதல் பைக்கு மெஷினில் அரை நாள் ஒதுக்குங்கள், துவைத்துக் காயும் நேரம் தனி. அதில் பாதிக்கும் மேல் வெட்டுவதிலும் இஸ்திரியிலும் போகும். கைத்தையல் என்றால் இரண்டு மூன்று மாலைகள். கையால் தைப்பவர்கள் இரட்டை நூலில் பின்தையல் போடுங்கள், அதாவது ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைக் கொஞ்சம் பின்னே கொண்டுவந்து குத்துங்கள். வெறும் ஓட்டத்தையல் கனத்தைத் தாங்காது, ஒரு இடத்தில் அறுந்தால் வரிசையாக உருவிக்கொண்டு வரும்.

தையற்காரரிடம் கொடுப்பதாக இருந்தால், 5-ஆம் படி வரை நீங்களே முடித்து, வெட்டிய துண்டுகளைக் குண்டூசி குத்திக் கொடுங்கள். சட்டையாகக் கொடுத்தால் வெட்டும் கூலியும் சேரும், நைந்த இடத்தை அவர் விலக்குவார் என்பதற்கும் உத்தரவாதமில்லை. காதுக்குப் போடும் தையலை (8-ஆம் படி) வரைந்தே காட்டிவிடுங்கள்.

4. அளவும் காகித மாதிரியும்

தைத்து முடித்த பை 13 இஞ்ச் அகலம், 14 இஞ்ச் உயரம், அடியில் 4 இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு ஏறக்குறைய 12 லிட்டர். இதைவிடப் பெரிய பை வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். பெரிதாகத் தைத்தால் நிரப்புவீர்கள், நிரப்பினால் தூக்க முடியாது.

வெட்ட வேண்டிய அளவு இப்படி வரும்:

அகலம்: 13 + அடிக்கு 4 + இரு பக்கத் தையலுக்கு ⅝ வீதம் 1¼ = 18¼ இஞ்ச்.
உயரம்: 14 + அடியில் பாதி 2 + வாய் மடிக்க 1½ + அடித் தையலுக்கு ⅝ = 18⅛ இஞ்ச்.

இரண்டையும் 18¼ என்றே எடுத்துக்கொண்டால் பையின் இரண்டு துண்டுக்கும் ஒரே சதுரம், குழப்பமில்லை. செய்தித்தாளில் இந்தச் சதுரத்தை வெட்டி, மேல் பக்கம் எது, வாய் மடிப்பு எங்கே என்று அதிலேயே எழுதிவையுங்கள். அடுத்த பைக்குத் தேடவேண்டியிருக்காது. பையின் அளவை மாற்றினால் 13, 14, 4 இந்த மூன்று எண்கள் மட்டும் மாறும், தையலுக்கு விடும் இடம் மாறாது.

காதுக்கு 5 இஞ்ச் அகலப் பட்டை இரண்டு. தோளில் மாட்டுவதற்கு 27 இஞ்ச் நீளம், கையில் தூக்குவதற்கு மட்டும் என்றால் 17. இரு முனைகளிலும் இரண்டரை இஞ்ச் தையலுக்குள் போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொன்ன அளவு இது. கூடவே காது சேரும் இடங்களில் உள்ளே வைக்க 3 இஞ்ச் சதுர ஒட்டுத்துணி நான்கு.

5. வெட்டுங்கள்

காகிதத்தை நேராக வைப்பதில்தான் கவனம் வேண்டும். நெய்த துணியில் பாவு இழை நீளவாக்கிலும் ஊடை இழை அகலவாக்கிலும் ஓடும். இரண்டுக்கும் கோணலாக வெட்டினால் துணி இழுபடும், பை ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். கட்டம் போட்ட, கோடு போட்ட சட்டை என்றால் கோட்டைப் பார்த்தே வெட்டலாம். வெற்றுத் துணியில் ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி எடுங்கள், அது விட்டுப்போன தடமே நேர்க்கோடு.

பாவு எந்தப் பக்கம் என்று தெரிய இரு திசைகளிலும் மெதுவாக இழுங்கள். குறைவாக இழுபடும் திசை பெரும்பாலும் பாவு. சட்டையில் அது அநேகமாகக் கழுத்திலிருந்து கீழ்நோக்கி இருக்கும். பைத் துண்டுகளில் பாவு மேலிருந்து கீழாகவும், காதுப் பட்டையில் நீளவாக்கிலும் வரட்டும்.

சட்டையின் முன்பக்கத்தை எடுப்பதாக இருந்தால், முதலில் பொத்தான் பட்டியை மூடி, அதன் இரு ஓரங்களிலும் மேலிருந்து கீழ்வரை தையல் போட்டு, பிறகு காகிதத்தை வையுங்கள். பட்டி நட்டநடுவே விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் விழுந்தால் பக்கத் தையல் தடிக்கும். சட்டையின் பாக்கெட் வெட்டும் அளவுக்குள் வந்தால் பிரிக்காதீர்கள், ரசீது வைக்க ஆகும்.

காதுப் பட்டைக்கு 27 இஞ்ச் நீளம் முழுக்கைச் சட்டையின் கையில் கிடைப்பது கடினம். இரண்டு துண்டைச் சேர்க்க நேர்ந்தால் குறுக்காக, சாய்கோட்டில் சேருங்கள். நேராகச் சேர்த்தால் எல்லாத் தடிமனும் ஒரே இடத்தில் குவிந்து ஊசியை முறிக்கும்.

வெட்டிய கையோடு ஒட்டுத்துணிகளை வைத்துத் தைத்துவிடுங்கள். ஒவ்வொரு பைத் துண்டின் உள்பக்கமும், மேல் ஓரத்திலிருந்து 1½ இஞ்ச் கீழே, இரு பக்க ஓரங்களிலிருந்தும் 4¼ இஞ்ச் உள்ளே தொடங்கி ஒவ்வொரு ஒட்டு. துணி தட்டையாக இருக்கும்போது இது ஐந்து நிமிஷ வேலை. பை உருவான பிறகு செய்ய நினைத்தால் கை உள்ளே போகாது. ஜீன்ஸுக்கு ஒட்டு தேவையில்லை.

6. பக்கங்களையும் அடியையும் சேருங்கள்

பழைய துணி பிசிறும். ஆகவே பிசிறு வெளியே தெரியாத இரட்டைத் தையல்தான் நல்லது. ஓரம் பிசிறாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் தேவைப்படாது.

இரண்டு துண்டுகளின் உள்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். ஆமாம், வெளிப்பக்கம் வெளியேதான், தப்பாகத் தோன்றினாலும் பரவாயில்லை. மூன்று பக்கமும் ஓரத்திலிருந்து கால் இஞ்ச் உள்ளே தையுங்கள். வெளியே நிற்கும் பிசிறைப் பாதியாக நறுக்குங்கள். மூலைகளைச் சாய்வாக வெட்டுங்கள், தையலை மட்டும் தொடவேண்டாம். இப்போது பையை உள்வெளியாகத் திருப்பி, தையல் ஓரத்தை விரலால் வெளியே தள்ளி, இஸ்திரி போட்டு, ⅜ இஞ்ச் உள்ளே மீண்டும் மூன்று பக்கமும் தையுங்கள். பிசிறு இரண்டு தையலுக்கும் நடுவே அடைபட்டுவிடும். முதல் தையலின் ஒரு நூல் எங்காவது வெளியே எட்டிப் பார்த்தால், முதலில் நறுக்கியது போதவில்லை என்று பொருள்.

தையல் நீளம் 2.5 மில்லிமீட்டர் போதும். தொடக்கத்திலும் முடிவிலும் நாலு தையல் பின்னோக்கி ஓட்டுங்கள்.

ஜீன்ஸில் இந்த முறை வேண்டாம், ஓரம் தடித்துப்போகும். வெளிப்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, ⅝ இஞ்சில் இரண்டு முறை தைத்து, ஓரத்துக்கு ஜிக்ஜாக் போடுங்கள். தையல் நீளம் 3.

7. அடிக்கு அகலம் கொடுங்கள்

பை உள்வெளியாகவே இருக்கட்டும். ஒரு மூலையைப் பிடித்து, பக்கத் தையலும் அடித் தையலும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி தட்டையாக்குங்கள். முக்கோணம் வரும். முனையிலிருந்து தையல் வழியே 2 இஞ்ச் அளந்து, குறுக்கே கோடு போடுங்கள். கோட்டின் நீளம் 4 இஞ்ச் இருக்க வேண்டும்.

2 இஞ்சைத் துணியின் முனையிலிருந்து அளக்காதீர்கள், தையல் முடியும் புள்ளியிலிருந்து அளங்கள். துணி முனையிலிருந்து அளந்தால் அடி குறுகிவிடும். இரண்டு மூலைகளிலும் கோடு ஒரே நீளமா என்று பார்த்த பிறகே தையல். கோட்டின்மேல் இரண்டு முறை ஓட்டுங்கள். முக்கோணத்தை வெட்ட வேண்டாம், அடிப்பக்கம் மடக்கி நுனியில் நாலு தையல் போட்டால் அடிக்குக் கூடுதல் பலம்.

8. வாயை மடித்துக் காதை வையுங்கள்

முதலில் காது. 5 இஞ்ச் பட்டையை நீளவாக்கில் பாதியாக மடித்து இஸ்திரி, விரித்து, இரு ஓரங்களையும் அந்த நடுக்கோட்டுக்கு மடித்து இஸ்திரி, மறுபடி பாதியாக மடியுங்கள். 1¼ இஞ்ச் அகலத்தில் நான்கு அடுக்குப் பட்டி. நீளவாக்கில் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு தையல், நடுவில் ஒன்று. அகலத்தைக் குறைக்க நினைக்காதீர்கள், ஒடுங்கிய காது விரலை அறுக்கும்.

ஜீன்ஸ் பைக்கு ஒரு குறுக்குவழி: பேன்ட்டின் இடுப்புப் பட்டியையே வெட்டி எடுத்து இரண்டாக்குங்கள். பல அடுக்கு, ஏற்கெனவே தைத்தது. 34 இஞ்ச் இடுப்பில் 17 இஞ்சாக இரண்டு காது கிடைக்கும்.

பிறகு வாய். மேல் ஓரத்தை உள்பக்கமாக அரை இஞ்ச் மடித்து இஸ்திரி, அதை மறுபடி 1 இஞ்ச் மடித்து இஸ்திரி, சுற்றிலும் கீழ் விளிம்பை ஒட்டித் தைத்துவிடுங்கள்.

காதின் முனையை அரை இஞ்ச் உள்ளே மடித்து, பையின் உள்பக்கம் வாய் விளிம்பிலிருந்து 2 இஞ்ச் கீழே வரும்படி ஒட்டுத்துணியின் மேல் வையுங்கள். காதின் வெளி ஓரம் பக்கத் தையலிலிருந்து 4½ இஞ்ச். அப்போது ஒரு காதின் இரண்டு கால்களுக்கும் நடுவே 5½ இஞ்ச் இடைவெளி வரும். குண்டூசி குத்திய பிறகு காது முறுக்கியிருக்கிறதா என்று ஒருமுறை தூக்கிப் பாருங்கள். முறுக்கோடு தைத்துவிட்டால் அந்தத் தையலைப் பிரிப்பதைப்போல் எரிச்சலூட்டும் வேலை வேறில்லை.

தையல்: காதின் அகலத்துக்கு ஒரு பெட்டி, அதற்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி. பெட்டி ஏறக்குறைய 1¾ இஞ்ச் உயரம். மூலை வரும்போது ஊசியைத் துணிக்குள்ளேயே நிறுத்தி, பாதத்தை (துணியை அழுத்திப் பிடிக்கும் பகுதி) தூக்கி, துணியைத் திருப்புங்கள். பெட்டியின் மேல் வரி, வாய் விளிம்பை ஒட்டி, இரண்டு முறை. கனம் முதலில் விழுவது அங்கேதான். பெட்டி இல்லாமல் ஒரே ஒரு வரித் தையல் போட்ட காது ஒவ்வொரு தூக்கலிலும் அந்த ஒரே வரிசைத் துளைகளை இழுக்கும், துணி அந்தக் கோட்டில் காகிதம்போல் கிழியும்.

இந்த இடத்தில் எட்டு அடுக்குக்குமேல் சேரும். மெஷின் முனகினால் மிதியை அழுத்தாதீர்கள், சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பாதம் மேட்டில் ஏறமுடியாமல் சாய்ந்தால், அதன் பின்பக்கம் அதே உயரத்துக்கு மடித்த துணி ஒன்றை வைத்துச் சமப்படுத்துங்கள்.

எடுத்துவைத்த பொத்தானில் ஒன்றை வாயின் ஒரு பக்கம் நடுவில் தைத்து, எதிரே ஒரு நாடா வளையம் போட்டால் பை மூடும். காஜா எடுக்க வேண்டியதில்லை.

9. கனம் வைத்துப் பாருங்கள்

கடைக்குப் போய்ச் சோதிக்க வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆறு ஒரு லிட்டர் பாட்டில்களை நிரப்பி உள்ளே வைத்து, உறுதியான கொக்கியில் இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். கீழே உடையக்கூடியது எதுவும் இருக்கவேண்டாம்.

காலையில் மூன்று இடங்களைப் பாருங்கள். காதுப் பெட்டியின் மேல் வரியில் ஊசித் துளைகள் நீண்டிருந்தால் துணி தாங்கவில்லை, வெளிப்பக்கமும் ஒரு ஒட்டு வைத்து மறுபடி தையுங்கள். பக்கத் தையல் பல்லிளித்தால் நூல் டென்ஷன் தளர்வு, அதே கோட்டில் இன்னொரு முறை ஓட்டுங்கள். ஒரு காது மற்றதைவிட நீண்டிருந்தால் பட்டையைக் குறுக்கிழையில் வெட்டியிருக்கிறீர்கள், காதை மாற்றுவதுதான் வழி.

10. பராமரிப்பு

உள்வெளியாகத் திருப்பித் துவையுங்கள், மூலைகளில் தங்கும் மண் அப்போதுதான் போகும். முதல் இரண்டு சலவை தனியாக. ஜீன்ஸும் கருநிறத் துணிகளும் வெட்டிய ஓரங்களிலிருந்து இன்னும் கொஞ்சம் சாயம் விடும். ஈரமாக மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், தையலுக்குள் பிடித்தால் வாடை போகாது. வெட்டிய துணியில் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றைப் பைக்குள்ளேயே போட்டுவையுங்கள். ஒட்டுப் போடவேண்டிய நாளில் அதே நிறம் வேறெங்கும் கிடைக்காது.